போல்வதும் ஒன்றாவதும்: கெடாத் தோட்டத்துப் பேச்சும் நிகழ்தகவு அமைப்புகளின் ஒப்பீடும்

 

இலக்கண ஆராய்ச்சியை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்றைய பொருள் சற்று அயலாகத் தோன்றலாம். நிகழ்தகவால் இயங்கும் இரண்டு அமைப்புகளில் ஒன்று மற்றொன்றைப் போலச் செய்கிறது என்று எப்போது கூறலாம், அவ்வாறு கூறுவதற்கு எத்தனை வகையான அளவுகோல்கள் உள்ளன, அவ்வளவுகோல்களையே ஒன்றோடொன்று எவ்வாறு ஒப்பிடுவது என்பது கணிதத்திலும் கணினியியலிலும் கடந்த நாற்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டுவரும் வினா. மொழியியல் பயின்ற யாம் அவ்வினாவை இம்மேடைக்குக் கொண்டுவருவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அந்த அளவுகோல்களை அறியாமல் எழுதியதால் எம் முனைவர் ஆய்வேட்டில் ஒரு பிழை புகுந்தது. அப்பிழையை இன்று பலர் கணினியின் துணையோடு விரைவாகச் செய்யும் நிலை வந்துள்ளது. ஆகவே, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது கடமை என்று கருதுகிறோம்.

ஆய்வேட்டின் பிழை

இளமையில் ஜெராய் மலையடிவாரத் தோட்டங்களிலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், சுங்கைப்பட்டாணி நகரிலும் மிதிவண்டியில் சென்று பேச்சுத் தமிழைத் திரட்டினோம். ஒரே பொருளுக்கு வழங்கிய பல சொற்களைப் பட்டியலிட்டோம். பால் மரம் என்பாரும் கித்தா மரம் என்பாரும் ரப்பர் மரம் என்பாரும் இருந்தனர். தமிழில் தொடங்கி மலாயில் முடிப்பாரும், மலாயில் தொடங்கித் தமிழில் முடிப்பாரும் இருந்தனர். எந்த வடிவம் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணினோம். தோட்டத்தார் விழுக்காட்டையும் நகரத்தார் விழுக்காட்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். இரண்டும் நெருங்கி நின்றன. எனவே இரண்டும் ஒரே வழக்கு என்று முடிவு கட்டினோம். ஆய்வேடும் ஏற்கப்பட்டது.

பட்டம் பெற்ற மகிழ்ச்சியில் அம்முடிவை எம் தாயாரிடம் எளிய சொற்களில் விளக்கினோம். அவர் பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளிக்குச் சென்றவர் அல்லர். வெற்றிலையை மடித்தபடியே கேட்டுவிட்டு, “சீனக் கடையில நான் பேசுறதும் ஒங்க மாமா பேசுறதும் ஒண்ணா? நான் கடைக்குள்ள காலு வைக்கிறதுக்கு முந்தியே இன்னைக்குத் தமிழா மலாயான்னு முடிவு பண்ணிட்டுத்தான் போவேன். ஒங்க மாமா உள்ள போயி, அவன் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் வாயத் தொறப்பாரு” என்றார்.

அன்று அதைச் சிரித்துக் கடந்துவிட்டோம். தாயார் சொன்னது கணித உலகம் தனிச்சொல் அமைத்துப் போற்றும் ஒரு வேறுபாடு என்பதை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

உறழ்ச்சியிலிருந்து எண்ணிக்கைக்கு

ஒரே இடத்தில் இரண்டு வடிவங்கள் வரலாம் என்பதைத் தமிழிலக்கணம் தொன்றுதொட்டு அறிந்துள்ளது. தொல்காப்பியர் அதனை உறழ்ச்சி என்றார். கல் குறிது என இயல்பாகவும் வரும். கற்குறிது எனத் திரிந்தும் வரும். இரண்டும் ஏற்புடையன. ஆனால் எது எத்தனை முறை வரும் என்று உறழ்ச்சி கூறுவதில்லை. அதைக் கூறுவது அதன் நோக்கமும் அன்று.

எண்ணிக்கை பின்னர் வந்தது. 1913-இல் உருசியக் கணித அறிஞர் மார்க்கோவ், புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ காப்பியத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் மெய் வருவது எத்தனை, மெய்க்குப் பின் உயிர் வருவது எத்தனை என்று கையால் எண்ணினார். இப்போதைய நிலை அடுத்த நிலையின் நிகழ்தகவை நிறுவும் என்னும் அவருடைய கருத்தே இன்று மார்க்கோவ் தொடர் எனப்படுகிறது. 1948-இல் ஷானன் அதனைச் செய்திப் பரிமாற்றத்தின் அடிப்படையாக்கினார். 1957-இல் சோம்ஸ்கி, ஒரு தொடர் இலக்கணத்துக்கு இயைந்ததா என்பதை நிகழ்தகவால் விளக்க இயலாது என்று வாதிட்டார். எனினும் 1969-இல் லபோவ், பேச்சு வேறுபாட்டை நிகழ்தகவோடு கூடிய மாறும் விதியாக எழுதலாம் என்று காட்டினார். 1974-இல் செடர்கிரென், சான்கோஃப் ஆகியோர் அதற்குக் கணித வடிவம் தந்தனர். எம் ஆய்வேடு இவ்வழியில் வந்தது.

இவ்வழி தவறன்று. எண்ணி முடித்தபின் இரண்டு எண்ணிக்கைகளை ஒப்பிட எந்த அளவுகோலைக் கொள்வது என்று கேளாமல் விட்டதே எம் தவறு.

கட்டும் கணிதமும் காணும் கணிதமும்

பள்ளியில் பயின்ற இயற்கணிதம் கட்டும் கணிதம். உறுப்புகளைத் தந்தால் முழுமையைத் தரும். 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 5 வரும். எழுத்து கூடிச் சொல்லும், சொல் கூடித் தொடரும் ஆவது போன்றது அது. இதன் அம்புக்குறியைத் திருப்பிவிட்டால் கிடைப்பதை ஆங்கிலேயர் கோஅல்ஜீப்ரா என்பர். யாம் இவ்வுரையில் எதிர் இயற்கணிதம் என்று வழங்குவோம். இங்கே முழுமை முதலில் நிற்கிறது. அதன் உள்ளே புகுந்து பார்க்க இயலாது. அது வெளியே என்ன காட்டுகிறது, காட்டியபின் எந்நிலைக்குச் செல்கிறது என்பவற்றை மட்டும் காணலாம். மனிதர் பேச்சை ஆராய்வோர் நிலையும் இதுவே. எவர் மனத்தினுள்ளும் நாம் புகுவதில்லை. வாயிலிருந்து வருவதைக் கேட்கிறோம். அடுத்து வருவதற்குக் காத்திருக்கிறோம்.

ஒரு நிலையிலிருந்து என்ன வகையான காட்சி வெளிப்படலாம் என்பதை முன்கூட்டி வரையறுக்கும் வார்ப்பை யாம் அச்சு என்போம். கணித நூல்கள் ஃபங்க்டர் என்று கூறுவது இதுவே. நிகழ்தகவு அமைப்புகளுக்குப் பல அச்சுகள் உள்ளன. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஈனும் அச்சு. அடுத்து என்ன சொல்வது என்பதையும் எந்நிலைக்குச் செல்வது என்பதையும் பேசுபவரே நிகழ்தகவால் தெரிந்தெடுக்கிறார். எல்லாப் பங்குகளும் சேர்ந்து 1 ஆகும்.

இரண்டாவது, எதிர்வினை அச்சு. எந்த மொழியில் என்பதை எதிரிலிருப்பவர் தொடங்கிவைக்கிறார். அவ்வம்மொழிக்குத் தனித்தனியே பேசுபவரின் அடுத்த நிலை நிகழ்தகவால் அமைகிறது. ஒரு மொழிக்கு அவர் மறுமொழியே தராமலும் இருக்கலாம்.

மூன்றாவது, விருப்பு அச்சு. முதலில் பேசுபவர் தம் விருப்பால் ஒரு வழியைக் கொள்கிறார். கொண்ட வழிக்குள் நிகழ்தகவு செயல்படுகிறது. விருப்பத்துக்கு எண் தரப்படுவதில்லை.

முதல் இரண்டின் வேறுபாட்டை வான் கிளாபீக், ஸ்மோல்கா, ஸ்டெஃபன் ஆகியோர் 1995-இல் விரிவாக எழுதினர். மூன்றாவதை சேகாலாவும் லிஞ்சும் அதே காலத்தில் வளர்த்தனர். எல்லா அச்சுகளையும் ஒரே கூரையின்கீழ் ஆராயும் பொதுக்கொள்கையை ருட்டன் 2000-இல் வெளியிட்டார்.

மங்கும் வாளியும்

இனி, போலச் செய்தல். ஓர் அமைப்பு செய்வதையெல்லாம் மற்றொன்று ஒவ்வோர் அடியிலும் ஈடுகொடுத்துச் செய்ய வல்லதாயின், இரண்டாவது முதலாவதைப் போல்கிறது என்போம். இக்கருத்தை மில்னர் 1971-இல் அளித்தார். இதனைப் போல்மை என்று குறிப்போம். போல்மை ஒருவழிப்பட்டது. ஒரே உறவு இரு பக்கமும் ஒருசேர நின்று, ஒவ்வோர் அடியிலும் எவர் முன்சென்றாலும் மற்றவர் ஈடுகொடுப்பாராயின் அது இணைப்போல்மை. இதனை 1981-இல் பார்க் வரையறுத்தார்.

நிகழ்தகவு புகுந்தால் ஈடுகொடுத்தல் என்பதற்குப் பொருள் என்ன? ஒருவர் அடுத்த நிலைக்குச் செல்வது ஒரு வழியாக அன்று, பங்கு பங்காக. பாதி இங்கே, பாதி அங்கே எனில், ஈடுகொடுப்பவரும் பங்குகளை ஈடுகட்ட வேண்டும். இதனைத் தோட்டத்துக் காட்சியால் விளக்கலாம். மரத்துக்கு மரம் மங்கில் பால் நிற்கிறது. அதை வாளிகளில் ஊற்ற வேண்டும். எந்த மங்கின் பாலை எந்த வாளியில் ஊற்றலாம் என்று கட்டுப்பாடு உண்டு. ஒரு மங்கின் பாலை இரண்டு வாளிகளுக்குப் பிரித்தும் ஊற்றலாம். எல்லா மங்குகளும் காலியாக வேண்டும். எந்த வாளியும் தன் குறியைத் தாண்டக் கூடாது. மங்குகள் முதல் அமைப்பின் அடுத்த நிலைகள். வாளிகள் இரண்டாவதன் அடுத்த நிலைகள். ஒரு நிலையை மற்றொரு நிலை போல்வதாயின் மட்டுமே அதற்குள் ஊற்றலாம். இவ்வாறு ஊற்றி முடிக்க இயலுமானால் போல்மை உண்டு. இயலாவிடில் இல்லை.

இவ்வரையறையை ஜான்சனும் லார்சனும் 1991-இல் தந்தனர். நிகழ்தகவு அமைப்புகளுக்கான இணைப்போல்மையை லார்சனும் ஸ்கூவும் அதற்குச் சற்று முன்னர், 1989-இல், அளித்திருந்தனர். ஊற்ற இயலுமா என்பதைத் தொடங்குமுன்னரே அறியவும் வழி உண்டு. மங்குகளில் எந்தக் கூட்டத்தை எடுத்தாலும், அவற்றின் பால் முழுவதும், அவற்றுக்கு இடமளிக்கும் வாளிகளின் மொத்தக் கொள்ளளவுக்கு மிகாமல் இருந்தால் போதும். ஸ்டிராசன் 1965-இல் நிறுவிய தேற்றத்தின் எளிய வடிவம் இது.

ஒரே கடை, மூன்று தீர்ப்பு

இப்போது தாயார் சொன்ன கடைக்குத் திரும்புவோம். இங்கு வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. தாயார் நூறு நாள் கடைக்குச் சென்றால் ஐம்பது நாள் தமிழ், ஐம்பது நாள் மலாய். மாமாவுக்கும் அவ்வாறே. ஆனால் தாயார் கடைக்குள் நுழைந்த கணத்திலேயே, பாதிப் பங்கு ‘தமிழே’ என்று அடைபட்ட நிலையிலும், பாதிப் பங்கு ‘மலாயே’ என்று அடைபட்ட நிலையிலும் நிற்கிறார். மாமா நுழைந்தபின் முழுப் பங்கும் திறந்த நிலையில் நிற்கிறார்.

முதல் அளவுகோல், தடவொப்புமை. கடைக்கு வெளியே நின்று, நிகழ்ந்த உரையாடல்களை மட்டும் பட்டியலிட்டு எண்ணுவது இது. நுழைந்து தமிழ் பேசியது பாதி. நுழைந்து மலாய் பேசியது பாதி. இருவருக்கும் ஒரே கணக்கு. இருவரும் ஒன்று என்பது தீர்ப்பு. எம் ஆய்வேட்டின் தீர்ப்பும் இதுவே.

இரண்டாம் அளவுகோல், ஈனும் அச்சின் போல்மை. நுழைந்தபின், தாயாரின் ‘தமிழே’ என்னும் நிலையில் தமிழுக்குரிய பங்கு 1. மாமாவின் திறந்த நிலையில் தமிழுக்குரிய வாளி பாதி அளவே கொள்ளும். முழுமங்கு அரைவாளியில் அடங்காது. மறுபக்கம் பார்த்தால், மாமாவின் மலாய்ப் பங்கை ஊற்றத் தாயாரின் ‘தமிழே’ நிலையில் வாளியே இல்லை. எவரும் எவரையும் போல்வதில்லை என்பது தீர்ப்பு.

மூன்றாம் அளவுகோல், எதிர்வினை அச்சின் போல்மை. கடைக்காரர் எம்மொழியில் தொடங்கினாலும் திறந்த நிலையிலிருக்கும் மாமா அம்மொழியில் தொடர்வார். தாயாரோ எம்மொழியை எண்ணி நுழைந்தாரோ அதை மாற்றமாட்டார். கடைக்காரர் வேறு மொழியில் தொடங்கினால், வேண்டிய பொருளைக் கையால் காட்டி வாங்கிக்கொண்டு, வாய் திறவாமல் வந்துவிடுவார். இங்கே தாயாரின் இரண்டு பாதிகளையும் மாமாவின் திறந்த நிலை என்னும் ஒரே வாளியில் ஊற்றிவிடலாம். ஆகவே மாமா தாயாரைப் போல்கிறார். தாயார் மாமாவைப் போல்வதில்லை.

கேள்வி ஒன்று, கடை ஒன்று, மனிதர் இருவரே. தீர்ப்போ மூன்று. எந்த அச்சில் வார்த்தோம், எந்த அளவுகோலைக் கொண்டோம் என்று கூறாமல் ‘இவ்விரு வழக்கும் ஒன்றுபோல உள்ளன’ என்று எழுதுவது பொருளற்றது என்பதை இது காட்டுகிறது.

மூன்றாம் தீர்ப்பில் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தாயார் மறுமொழி தராத இடத்தில் மாமா என்ன செய்கிறார் என்று அப்போல்மை கேட்பதில்லை. ‘ஒன்றும் செய்யாமை எதற்கும் கீழ்ப்பட்டது’ என்னும் வரிசை அதனுள் மறைந்து நிற்கிறது. இதனை ஹியூஸ், ஜேக்கப்ஸ் ஆகியோர் 2004-இல் பொதுமையாக விளக்கினர். அச்சின் காட்சிகளிடையே ஒரு வரிசையை அமைத்துக்கொண்டு ஒப்பிட்டால் கிடைப்பது போல்மை. வரிசையை நீக்கிச் சமத்தையே கோரினால் கிடைப்பது இணைப்போல்மை. அவ்வரிசையில் மௌனம் எப்போதும் கீழே நிற்கிறது. தோட்டத்துப் பெண்களின் பேச்சை ஆராய முற்படுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

எஞ்சிய கால் பங்கு

ஒருவர் மற்றவரைப் போல்கிறார், மற்றவரும் இவரைப் போல்கிறார் எனில் இருவரும் ஒன்று எனலாமா? இயல்பாக எழும் எண்ணம் அதுவே. ஆனால் அது அச்சைப் பொறுத்தது.

எம் அக்காள் சில ஆண்டுகள் தோட்டத்திலும் பின்னர் நகரத்திலும் வாழ்ந்தவர். பெரும்பாலான நாள்களில் மாமாவைப் போலத் திறந்த நிலையில் கடைக்குள் நிற்பார். சில நாள்களில் தாயாரைப் போலத் தமிழோடு அடைபட்டு நிற்பார். இதனை விருப்பமாக மட்டும் எழுதிப் பார்ப்போம். அக்காள் செய்வதெல்லாம் மாமாவால் இயலும். ஏனெனில் திறந்த நிலைக்குத் தமிழும் எளிது. மாமா செய்வதெல்லாம் அக்காளாலும் இயலும். திறந்த வழியை அவர் விரும்பினால் போதும். போல்மை இரு பக்கமும் உண்டு. எனினும் இருவரும் ஒன்றல்லர். அக்காளுக்கு அடைபட்ட நிலை ஒன்று உண்டு. மாமாவுக்கு அது இல்லை. எதிரெதிர்ப் போல்மை அந்நிலையைக் காணத் தவறுகிறது.

இப்போது அதையே எதிர்வினை அச்சில் எண்ணோடு எழுதுவோம். அக்காள் முக்கால் பங்கு திறந்த நிலை, கால் பங்கு அடைபட்ட நிலை. அக்காளின் இரண்டு மங்குகளையும் மாமாவின் ஒரே வாளியில் ஊற்றலாம். மாமா அக்காளைப் போல்கிறார். திருப்பி ஊற்றுவோம். மாமாவின் முழுமங்கைத் திறந்த நிலை என்னும் வாளியில் மட்டுமே ஊற்ற முடியும். அக்காளிடம் அவ்வாளி முக்கால் அளவே கொள்ளும். கால் பங்கு பால் எஞ்சி நிற்கிறது. அக்காள் மாமாவைப் போல்வதில்லை.

எஞ்சிய அந்தக் கால் பங்கு, அக்காள் வாய் மூடிய நாள்களின் அளவு. விருப்ப எழுத்தில் மறைந்துபோனது எண்ணோடு எழுதியபோது வெளிப்பட்டது. இது ஓர் எடுத்துக்காட்டோடு நின்றுவிடுவதன்று. விருப்பம் கலவாமல் நிகழ்தகவே ஆளும் எதிர்வினை அமைப்புகளில், எதிரெதிர்ப் போல்மை இருந்தால் இணைப்போல்மையும் இருக்கும் என்பது நிறுவப்பட்ட முடிபு. விருப்பமும் நிகழ்தகவும் கலந்த அச்சில் அவ்வுறுதி கிடையாது.

மனிதர் பேச்சு எந்த அச்சைச் சேர்ந்தது? அக்காள் கடைவாசலில் காசைச் சுண்டிப் பார்த்து நுழைந்தவர் அல்லர். அவருக்குக் காரணங்கள் இருந்தன. வெளியே நின்ற எமக்கு அக்காரணங்கள் தெரியாமையால் அவற்றை எண்ணாக்கினோம். நிகழ்தகவு என்று நாம் எழுதுவதில் ஒரு பகுதி உலகின் இயல்பு; மற்றொரு பகுதி நம் அறியாமை. இரண்டையும் ஒரே எண்ணில் எழுதிவிட்டுப் பேசுபவரின் இயல்பு இது என்று கூறுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

அச்சுகளிடையே உறவு

அளவுகோல்கள் பலவாயின், அவற்றிடையே ஒழுங்கு வேண்டும். ஓர் அச்சில் வார்த்த அமைப்பை மற்றோர் அச்சுக்கு மாற்றும் வழி எந்நிலைக்கும் ஒரே சீராக இயங்குமானால், முன்னர் இணைப்போல்மை உடையவை பின்னரும் உடையவாய் நிற்கும். அம்மாற்றம் வெவ்வேறான இரு காட்சிகளை ஒன்றாக்கிவிடாமலும் இருந்தால், முன்னர் வேறுபட்டவை பின்னரும் வேறுபட்டே நிற்கும். அப்போது முதல் அச்சை இரண்டாவதன் உள்ளடக்கமாகக் கருதலாம். இந்நெறியால் பார்ட்டல்ஸ், சோகோலோவா, டி விங்க் ஆகியோர் நிகழ்தகவு அமைப்புகளின் அச்சுகளைப் படிநிலையாக அடுக்கிக் காட்டினர். எதிர் இயற்கணிதத்தின் பெரும்பயன் இது. அளவுகோலை ஒவ்வோர் அச்சுக்கும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. அச்சிலிருந்தே அது பிறக்கிறது.

எம் ஆய்வேடு செய்த மாற்றமோ வேறு வகை. எப்போது முடிவு செய்யப்பட்டது என்பதை அழித்துத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டது. வேறுபட்டவற்றை ஒன்றாக்கும் மாற்றம் அது. அழித்தபின் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்று என்று வியந்தோம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். மனிதர் பேச்சில் பாதி என்பது சரியாகப் பாதியாக இருப்பதில்லையே. 50-க்கு 49 வந்தால் ஒன்றல்ல என்று தள்ளிவிடுவதா? தள்ளவேண்டியதில்லை. ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக எவ்வளவு தொலைவு என்று அளக்கலாம். ஜக்கலோன், ஜூ, ஸ்மோல்கா ஆகியோர் 1990-இலும், டெசார்னே, குப்தா, ஜெகதீசன், பானங்காடன் ஆகியோர் 1999-இலும் இத்தொலைவுக் கணக்குக்கு வழிவகுத்தனர். ஊற்றியபின் எஞ்சும் பால் எவ்வளவு என்பதே அதன் தொடக்கக் கருத்து. வழக்குகளை ஒப்பிடுவோர்க்கு இதுவே மிகவும் பயன்படும்.

பொறி எவரைக் கற்கிறது

இக்கணிதம் இன்று நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கெடாவில் பால்மரக் காடுகள் பல செம்பனையாயின. பல வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறின. லயங்களில் வாழ்ந்தோர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். பெரட்டுக் களத்திலும் பால் கொட்டாயிலும் வழங்கிய பேச்சை அறிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்கள் பேச்சைப் பதிந்து கணினிக்குக் கற்பித்துவிட்டால் அது அழியாமல் நிற்கும் என்னும் நம்பிக்கை பரவி வருகிறது. நல்ல நோக்கம். ஆனால் அப்பொறி எதைக் கற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்றைய மொழிப்பொறி, இதுவரை வந்த சொற்களை நிலையாகக் கொண்டு, அடுத்த சொல் எதுவாகலாம் என்பதற்கு நிகழ்தகவு வழங்குகிறது. அதாவது, அது ஈனும் அச்சில் வார்த்த ஓர் எதிர் இயற்கணிதம். தாயாரின் கடைப் பேச்சுகளை மட்டும் அதற்குக் கற்பித்தால், ‘கடைக்குள் நுழைந்தார்’ என்னும் தடத்துக்குப் பின் தமிழ் பாதி, மலாய் பாதி என்று அது கற்றுக்கொள்ளும். அது மாமாவின் திறந்த நிலை. தாயாரின் பேச்சை முழுக்கக் கேட்ட பொறி, தாயாராகாமல் மாமாவாகிவிடுகிறது. பொறியின் மேல் குற்றம் இல்லை. தாயார் வாசலுக்கு வெளியே செய்த முடிவு, பதிவில் எங்கும் இல்லை. எம் ஆய்வேட்டின் பிழையை அது பன்மடங்கு விரைவாகச் செய்கிறது, அவ்வளவே.

தாயார் மறைந்தபின்னரே அம்முடிவின் காரணத்தை அக்காள் எமக்குச் சொன்னார். கைக்காசு இருக்கும் நாளில் தாயார் மலாயில் பேசுவார். கடன் சொல்ல வேண்டிய நாளில் தமிழில் பேசுவார். அக்கடைக்காரருக்குத் தமிழ் நன்கு தெரியும். தவணை கேட்பதற்குத் தாயாருக்கு வேறு மொழியில் வாய் வரவில்லை. கடைக்காரர் மலாயில் தொடங்கிவிட்டால், கடன் இல்லை என்கிறாரோ என்று அஞ்சி, பொருளைக் காட்டி, கடன் புத்தகத்தை நீட்டிவிட்டு நின்றுவிடுவார். எம் ஆய்வேட்டில் யாம் 50 விழுக்காடு என்று எழுதியிருக்கக்கூடிய எண் உறழ்ச்சியும் அன்று, நிகழ்தகவும் அன்று. சம்பள நாளுக்கும் அடுத்த சம்பள நாளுக்கும் இடையில் எம் வீட்டில் காசில்லாமற்போன நாள்களின் கணக்கு அது.

ஆகவே, பேச்சைத் திரட்டும் இளைஞர்களிடமும் ஆசிரியர்களிடமும் யாம் வேண்டுவன நான்கு. சொல்லைத் தனியே எழுதாமல் உரையாடலை முழுமையாகப் பதியுங்கள். எவரிடம் பேசினார், எவர் தொடங்கினார் என்பதைக் குறியுங்கள். பேசாமல் நின்ற இடங்களையும் பேச்சாகக் கருதிப் பதியுங்கள். முடிவாக, பதிவு முடிந்தபின் பேசியவரிடமே, ‘ஏன் அப்படிப் பேசினீர்கள், எப்போது முடிவு செய்தீர்கள்’ என்று கேளுங்கள். அவ்விடையும் பதிவில் சேர்ந்தால் தடம் பிரியும். மறைந்திருந்த நிலை வெளிப்படும். அதன்பின் பொறி கற்பது தாயாருக்குச் சற்று அணுக்கமாக இருக்கும்.

ஒன்று மற்றொன்றைப் போல்கிறது என்பது எளிதில் கிடைக்கும் சான்று. எல்லாம் பேச வல்லது எவரையும் போலும். ஒன்றே என்று கூறுவதற்கு முன், அவர் எங்கே திறந்து நின்றார், எங்கே அடைபட்டு நின்றார் என்று இரு பக்கமும் ஊற்றிப் பார்த்து, எஞ்சுவதை அளந்து சொல்ல வேண்டும். எம் ஆய்வேட்டின் முடிவுரையில் ‘இரண்டும் ஒரே வழக்கு’ என்று எழுதிய தொடரை இந்த அவையின் முன் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். ‘இரண்டின் தடங்களும் ஒக்கும்; பிற அளவுகோல்களால் ஆராயப்படவில்லை’ என்று அதனைத் திருத்திப் படிக்குமாறு வேண்டுகிறோம்.